உறங்குவோரைக் காக்கும் விழிப்பு

சைவாலயங்களின் நாள் திருப்பள்ளியெழுச்சியோடு தொடங்கிப் பள்ளியறைப் பூசையோடு நிறைவெய்துகின்றது. உஷத்காலம், காலைச்சந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாங்காலம், அர்த்தசாமம் என ஆறு காலப் பூசைகள் வகுக்கப்பட்டுள்ளன. அர்த்தசாமப் பூசை முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, தீபங்காட்டி, திரையிட்டுக் கதவடைப்பர். ஆனால் ஒரு கணமேனும் கண்ணயராது உலகைக் காப்பவன் இறைவன் என்றே சமயம் போதிக்கின்றது. அவ்வாறாயின் உறக்கமே இல்லாதவனுக்குப் பள்ளியறை எதற்கு? திருப்பள்ளியெழுச்சி எதற்கு?

இக்கேள்விக்கு விடை காண முயல்பவர், மனிதனின் நித்திரை என்றால் என்ன, அதற்கும் அறத்துக்கும் உள்ள தொடர்பு யாது என்ற பெரிய கேள்விக்கு வந்து சேருவர். நித்திரையைச் சோம்பலின் பிள்ளை என்று பழிப்போர் உளர். கண்விழித்திருப்பதே பக்தியின் அளவுகோல் என்று எண்ணுவோரும் உளர். இவ்விரு எண்ணங்களும் முழு உண்மை அல்ல என்பதை இன்றைய விஞ்ஞானமும் காட்டுகின்றது. இதிகாச புராணங்களும் காட்டுகின்றன.

உள்ளே ஓடும் நாழிகை வட்டில்

முற்காலத்தில் நாழிகை வட்டிலில் நீர் சொட்டுவதைக் கொண்டு நேரம் கணித்தனர். ஒரு நாள் 60 நாழிகை; ஒரு நாழிகை 24 நிமிடம். இரவு நான்கு சாமமாகப் பகுக்கப்பட்டது. ஒரு சாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணித்தியாலம். இந்த வட்டில் வெளியே மட்டுமன்றி ஒவ்வோர் உயிரின் உள்ளேயும் ஓடிக்கொண்டிருக்கின்றது.

புளியமரத்தின் இலைகள் பொழுதுபடக் கூம்புவதையும் விடியும்போது விரிவதையும் கிராமத்துப் பிள்ளைகளும் அறிவர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மகா அலெக்சாண்டரின் கடற்படையோடு சென்ற அண்ட்ரோஸ்தனிஸ் என்பவர், இன்று பஹ்ரெயின் எனப்படும் தீவில் இவ்வாறு இலை மூடும் ஒரு மரத்தைக் கண்டு குறித்து வைத்தார். அது புளியமரம் என்றே பிற்கால ஆய்வாளர் கருதுவர். 1729ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு வானியல் அறிஞர் டி மெய்ரான், தொட்டாற்சுருங்கிச் செடியை வெளிச்சம் படாத இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலே அது உரிய வேளையில் இலையை விரித்தது. உரிய வேளையில் மூடிக்கொண்டது. நேரத்தைச் சூரியன் சொல்லித்தான் செடி அறிகிறது என்ற எண்ணம் அன்றோடு ஆட்டங்கண்டது.

மனிதருக்கும் அவ்வாறே. 1962ஆம் ஆண்டில் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் கடிகாரம் எதுவுமின்றி நிலத்தடிக் குகையொன்றில் இரண்டு மாதம் தனித்துத் தங்கினார். செப்டெம்பர் 14ஆம் திகதி அவரை வெளியே அழைத்தபோது அன்று ஓகஸ்ட் 20 என்றே அவர் எண்ணியிருந்தார். அவரது மனக்கணக்கில் 25 நாள் காணாமற் போயிருந்தது. ஆனால் அவரது உடலோ உறக்கத்தையும் விழிப்பையும் ஏறத்தாழ ஒரு நாள் அளவிலேயே மாறிமாறி நடத்தி வந்தது.

இந்த உடற்கடிகாரத்தின் தலைமை இடம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளது. சுமார் 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட சிறு முடிச்சு அது. அதன் இயல்பான ஒரு சுற்று சராசரியாக 24 மணித்தியாலமும் 11 நிமிடமும் என 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே நாள்தோறும் சில நிமிடம் பின்தங்கும் இக்கடிகாரத்தைக் காலை வெளிச்சமே திருத்தி வைக்கின்றது. மாலையில் இருள் சூழ மெலற்றோனின் என்னும் சுரப்பு பெருகி, இரவு வந்துவிட்டது என்று உடல் முழுவதற்கும் அறிவிக்கின்றது. விடிவதற்குச் சற்று முன், நாலு ஐந்து மணியளவில், உடலின் வெப்பம் மிகத் தாழ்ந்திருக்கும். ஒவ்வொரு கலத்தின் உள்ளேயும் இக்கடிகாரம் எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மதுரைக் குகையின் வௌவால்கள்

இத்துறையில் தமிழ்நாட்டில் நடைபெற்ற பணியொன்று உலகெங்கும் மதிக்கப்பட்டது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகப் பேராசிரியர் மா. க. சந்திரசேகரனும் அவரோடு பணியாற்றிய மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோரும் மதுரையை அடுத்த இயற்கைக் குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தனர். அக்குகையின் உட்பகுதியில் இரவும் இல்லை, பகலும் இல்லை. எப்போதும் ஒரே இருள். ஆயினும் வௌவால்கள் பொழுதுபட்டதும் இரை தேடப் புறப்பட்டு விடியுமுன் திரும்பிவிடும்.

ஆய்வாளர்கள் சில வௌவால்களைக் கூண்டிலிட்டுக் குகைக்குள்ளேயே வைத்தனர். வெளியே போக முடியாத, வானத்தைக் காண முடியாத அந்த வௌவால்கள், சுற்றத்தார் புறப்படும் சத்தத்தையும் திரும்பும் சத்தத்தையும் கொண்டு நேரத்தைப் பிசகாது காத்துக்கொண்டன. தன் இனத்தார் எவரும் இல்லாத குகையில் தனியே வைக்கப்பட்ட வௌவாலோ நாளுக்கு நாள் நேரம் பிசகிப் போயிற்று. வேற்றின வௌவாலொன்றை அக்கூட்டத்தின் நடுவே வைத்தபோது அதற்கு அச்சத்தம் நேரம் காட்டவில்லை. 1978ஆம் ஆண்டு தொடக்கம் வெளியான இம்முடிவுகள் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஓர் உயிரின் நேரம் அதன் உடலுக்குள் மாத்திரம் இருப்பதன்று. தன் கூட்டத்தாரின் போக்குவரவிலும் அது இருக்கின்றது.

பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் மனிதரையும் கடிகாரம், வானொலி, சூரிய வெளிச்சம் எதுவும் எட்டாத தனிவீட்டிற் பல நாள் தங்கவைத்து ஆராய்ந்தனர். இரண்டு மணித்தியாலம் சென்றதாகத் தோன்றும்போது அறிவிக்குமாறு அவர்களிடம் கூறப்பட்டது. நீண்ட நேரம் விழித்திருந்த நாட்களில் அவர்களது இரண்டு மணித்தியாலமும் நீண்டுவிட்டது. அயலவரின் நடமாட்டமும் கோயில் மணியோசையும் எட்டாத இடத்தில் மனிதனின் நேரமும் கரைந்து போகின்றது.

ஊரின் கோயில் மணிக்கு இதனாலேயே ஒரு மகத்துவம் உண்டு. வழிபாட்டுக்கு அழைப்பதோடு, ஊரார் அனைவரையும் ஒரே பொழுதில் இணைக்கும் பணியையும் அது செய்கின்றது. புத்தளக் கரையில் ஆலய மணியும் பள்ளிவாசலின் அழைப்பும் தேவாலய மணியும் தலைமுறை தலைமுறையாக அப்பணியைச் செய்து வந்துள்ளன. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொலைபேசி இருக்க, ஒரே வீட்டில் நால்வர் நாலு நேரத்தில் உறங்குகின்றனர். மணியோசையின் தேவை இக்காலத்தில் கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

நித்திரையின் படிகள்

நித்திரை என்பது விளக்கை அணைத்தாற்போன்ற ஒரே நிலை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்னும் இருவர், உறங்குபவரின் மூடிய இமைக்குள் கண்மணிகள் குறிப்பிட்ட வேளைகளில் விரைந்து அசைவதையும், அவ்வேளையில் எழுப்பப்பட்டவர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறுவதையும் வெளியிட்டனர். அதன்பின் நித்திரையின் படிகள் ஒவ்வொன்றாகத் தெளிவாயின.

முதலாவது, கண் சொருகும் நிலை. சில நிமிடமே நீடிக்கும். பெயர் சொல்லி அழைத்தால் விழிப்பு வரும். இரண்டாவது, மெல்லிய நித்திரை. ஓர் இரவின் ஏறத்தாழ அரைவாசி இதிலேயே கழியும். மூன்றாவது, ஆழ்ந்த நித்திரை. மூளையின் மின்னலைகள் பெரிதாகவும் மெதுவாகவும் எழுந்து அடங்கும். இதயத் துடிப்பும் மூச்சும் தணியும். பிள்ளைகளின் வளர்ச்சிக்கு வேண்டிய சுரப்பு மிகுதியாக வெளிப்படுவது இப்போதே. நாலாவது, கனவு நித்திரை. மூளை விழித்திருப்பதுபோல் வேலை செய்யும். ஆனால் கை கால் தசைகள் தளர்ந்து அசைவற்றிருக்கும். கனவிற் கடலில் நீந்துபவர் பாயிலிருந்து எழுந்து ஓடாதிருப்பது இந்தத் தளர்வினாலேயே.

இப்படிகளை ஒருமுறை கடக்க ஏறத்தாழ 90 நிமிடம் செல்லும். ஒரு சாமத்துக்கு இரண்டு சுற்று எனக் கொள்ளலாம். இரவில் நாலு அல்லது ஐந்து சுற்று நிகழும். ஆயினும் எல்லாச் சுற்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆழ்ந்த நித்திரை பெரும்பாலும் முற்பகுதியிலும், கனவு நித்திரை வைகறையை ஒட்டியும் மிகுந்திருக்கும். ஆகவே பின்னிரவு ஒன்றரை மணித்தியாலத்தை இழந்தவர், இரவின் ஒரு பங்கை மாத்திரம் இழந்ததாக எண்ணலாகாது. கனவு நித்திரையின் பெரும்பங்கை இழந்தவராகின்றார். கற்றதை மனத்தில் நிலைநிறுத்தவும் உணர்ச்சிகளை ஒழுங்குபடுத்தவும் அப்பகுதி உதவுகின்றது. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை இரண்டு மணிக்கு எழுப்பிவிடும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஐந்தவத்தையும் ஆன்மாவும்

சைவசித்தாந்தம் ஆன்மாவின் நிலைகளைச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தாக வகுக்கின்றது. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் நாலாஞ் சூத்திரத்தில் இதனைக் கூறுகின்றார். நனவில் புருவநடுவில் 35 கருவிகளோடு நிற்கும் ஆன்மா, கனவில் கண்டத்தில் 25 கருவிகளோடும், சுழுத்தியில் இருதயத்தில் மூன்றோடும், துரியத்தில் நாபியில் இரண்டோடும், துரியாதீதத்தில் மூலாதாரத்தில் ஒன்றோடும் நிற்கும் என்பர். உலாப் போய்த் திரும்பும் அரசன் ஒவ்வொரு வாயிலிலும் சிலரை நிறுத்திவிட்டு, இறுதியில் தனியனாய் அந்தப்புரம் புகுவதை இதற்கு உவமையாகக் காட்டுவர்.

இதனையும் விஞ்ஞானிகள் கூறும் படிகளையும் ஒன்றென்று சொல்லி மகிழ்வது எளிது. ஆனால் அது சரியன்று. சித்தாந்தத்தில் கனவின் பின்னரே சுழுத்தி; ஆய்வுகூடத்திலோ ஆழ்ந்த நித்திரை முந்தி வர, கனவு பிந்தி மிகுகின்றது. மின்னலையை அளப்பது விஞ்ஞானத்தின் வேலை. அறிகின்றவன் யார் என்று வினவுவது சித்தாந்தத்தின் வேலை. கருவிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தபின்னும் ஆன்மா அழிந்து போகவில்லை. காலையில் “சுகமாக நித்திரை கொண்டேன்” என்று சொல்வதற்கு ஒருவர் இருக்கின்றார் என்பதே அதன் கருத்து.

ஆயினும் இரண்டு வழியும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. சுழுத்தியில் மனிதன் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவன். கண் காணாது, கை தடுக்காது, அறிவு எச்சரிக்காது. அரசன் அந்தப்புரத்தில் தனியனாய் இருக்க, காவல் முழுவதும் வாயிலில் நிற்பவர் கையில் உள்ளது. செல்வனும் ஏழையும், பண்டிதரும் பாமரரும், நாள்தோறும் சில மணி நேரம் தம்மை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டே கண்மூடுகின்றனர். ஆகவே உறங்குபவர் விழித்திருப்பவரின் அடைக்கலப் பொருள் ஆகின்றார். நித்திரையை அறத்தோடு சேர்க்கும் முடிச்சு இதுவே.

இரண்டு விழிப்புகள்

மகாபாரதத்தின் பத்தாவது பருவமாகிய சௌப்திக பருவத்தின் பெயருக்கே உறங்குவோரைப் பற்றியது என்பது பொருள். பாரதப் போர் முடிந்த இரவு. அசுவத்தாமன், கிருபாச்சாரியார், கிருதவர்மன் மூவரும் காட்டில் ஓர் ஆலமரத்தடியில் தங்குகின்றனர். மற்ற இருவரும் உறங்க, கோபத்தால் வெந்துகொண்டிருந்த அசுவத்தாமனுக்கு மாத்திரம் நித்திரை வரவில்லை. அப்போது ஒரு கூகை ஓசையின்றி வந்து கிளைகளில் உறங்கிக்கொண்டிருந்த காக்கைகளைக் கொன்று குவிப்பதை அவன் காண்கின்றான். பகலில் காக்கை கூகையை வெல்லும் என்று வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்திற் காட்டுவார். இரவில் நிலைமை தலைகீழ். ஓர் உயிரின் விழிப்புவேளை மற்றோர் உயிரின் நித்திரைவேளையாக இருப்பது இயற்கையின் அமைப்பு. கூகைக்கு அது இரை தேடும் வழி, அதில் பாவமில்லை. அதனை மனிதன் பாடமாக எடுத்துக்கொண்டதே பாவமாயிற்று.

கிருபாச்சாரியார் தடுத்தார். இன்றிரவு நித்திரை செய், களைப்பு நீங்கட்டும், நாளை பகலில் போரிடலாம், உறங்குவோரைக் கொல்வது தருமம் அன்று என்று அறிவுரை கூறினார். கோபமும் துயரமும் கொண்டவனுக்கு நித்திரை ஏது என்று அசுவத்தாமன் மறுத்தான். பாசறைக்குள் புகுந்து திருட்டத்துய்மனையும் சிகண்டியையும் திரௌபதியின் ஐந்து புதல்வரையும் கொன்றான். மூவாயிரம் ஆண்டு துணையின்றித் தனியே அலையும்படி கண்ணபிரானின் சாபத்துக்கு ஆளானான்.

கிருபாச்சாரியாரின் அறிவுரை எத்துணை நுட்பமானது என்பதை இன்றைய ஆய்வு காட்டும். ஓர் இரவு முழுவதும் நித்திரை இழந்தவர்களின் மூளையில், அச்சத்துக்கும் சினத்துக்கும் உரிய பகுதி, உறங்கியவர்களைவிட ஏறத்தாழ 60 சதவீதம் மிகையாகக் கிளர்வதை 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கண்டது. குடும்பச் சண்டையானாலும் கோயில் நிர்வாகத் தகராறானாலும், இரவில் எடுத்த முடிவைக் காலையில் மீளச் சிந்திக்க வேண்டும் என்று பெரியோர் கூறுவது வெறும் பேச்சன்று.

புத்தள மாவட்டத்தில் உடப்பில் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் தீமிதிப்பு நடைபெறுகின்றது. திரௌபதியின் கற்பையும் சபதத்தையும் போற்றும் அடியார்கள் அவளது தாய்த்துயரையும் நினைக்க வேண்டும். அவளுடைய பிள்ளைகள் போர்க்களத்தில் மடியவில்லை, நித்திரையில் மடிந்தார்கள். அத்தாயை வணங்கும் ஊர்களில் உறங்குவோரின் காவல் ஒரு கடமையாகவே இருத்தல் தகும்.

இதற்கு மறுபுறம் இராமாயணத்தில் இலக்குவன் நிற்கின்றான். இராமபிரானும் சீதாபிராட்டியும் கங்கைக் கரையில் உறங்க, வில்லேந்தி விடியும்வரை கண்ணிமையாது நின்றான் என்று குகன் வாயிலாகக் கம்பர் காட்டுகின்றார். வனவாசம் முழுவதும் அவன் உறங்காதிருக்கும்பொருட்டு, அவனது நித்திரையையும் சேர்த்து அயோத்தியில் அவன் மனைவி ஊர்மிளை உறங்கினாள் என்று ஒரு கதையும் வழங்குகின்றது. நித்திரையை ஒருவர் துறந்தால் அதனை மற்றொருவர் எங்கோ சுமக்க வேண்டியிருக்கும் என்பதையே அக்கதை சொல்லாமற் சொல்கின்றது.

அசுவத்தாமனும் விழித்திருந்தான், இலக்குவனும் விழித்திருந்தான். விழிப்பு தன்னளவிற் புண்ணியமும் அன்று, பாவமும் அன்று. அது உறங்குவோருக்கு என்ன செய்கின்றது என்பதைக் கொண்டே அதன் பயன் அமைகின்றது.

கடலும் களப்பும் சூழ்ந்த ஊர்களில்

எத்தாளையை உள்ளடக்கிய கற்பிட்டிக் குடாநாட்டில் ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் களப்பு. இங்கே எல்லோருக்கும் ஒரே இரவு என்பது இல்லை. மாலையில் வலையேற்றிப் புறப்பட்டவர் விடிந்தபின் கரைசேர்ந்து, மீனைப் பிரித்து விற்று, குளித்துச் சாப்பிட்டுப் பாயில் சரியும்போது பாடசாலை மணி அடிக்கின்றது. வெளிச்சம் வைத்துத் தொழில் செய்வோர் நிலாக் காலத்தில் கரையில் தங்கவும், இருட்டுக் காலத்தில் கடலில் நிற்கவும் நேர்வதால் அவர்களது நித்திரை பிறையோடு சேர்ந்து தேய்ந்து வளர்கின்றது. தோட்டக்காரர் விடியுமுன் எழுந்து மரக்கறிச் செய்கைக்குத் தண்ணீர் பாய்ச்சுகின்றார். 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல் மின்நிலையம் 300 மெகாவாற்று வீதம் மூன்று பிரிவுகளைக் கொண்டது. அது இரவு பகல் இன்றி இயங்க வேண்டியது. ஆகவே அங்கு முறைவேலை. ஆஸ்பத்திரித் தாதியரும் அவ்வாறே.

பகலில் உறங்குவது இரவில் உறங்குவதற்கு ஈடாகாது. உடலின் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும், மெலற்றோனின் இறங்கியிருக்கும், யன்னல் வழி வரும் வெளிச்சம் எழும்பு எழும்பு என்று உடற்கடிகாரத்துக்குச் சொல்லிக்கொண்டேயிருக்கும். எட்டு மணித்தியாலம் வேண்டியவர் ஐந்தோடு எழுந்துவிடுவர். இரவு முறைவேலை பல ஆண்டு தொடர்ந்தால் புற்றுநோய் வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007ஆம் ஆண்டிலும் மீண்டும் 2019ஆம் ஆண்டிலும் வகைப்படுத்தியது. எனவே ஊருக்கு மீனும் மின்சாரமும் மருந்தும் கிடைப்பதற்காகத் தம் நித்திரையைக் கொடுத்தவர்கள் இவர்கள். இலக்குவனின் வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர்கள்.

எழுப்புவதற்கு உரிமை யாருக்கு?

இங்கேதான் ஆலயங்கள் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்வி எழுகின்றது. அதிகாலையில் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் போடுவதும், திருவிழாக் காலத்தில் நள்ளிரவு கடந்தும் ஒலிக்க விடுவதும் புண்ணியம் என்றே பலரும் நம்புகின்றனர். இறைவன் நாமம் காதில் விழுந்தால் நல்லதுதானே, சோம்பேறிகள் எழும்பட்டுமே என்பர். இந்த வாதத்தில் அன்பு இல்லாமலில்லை. ஊர் முழுவதும் ஒரே நாதத்தில் விழித்தெழும் இன்பத்தை அனுபவித்தவர்கள் அதனை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் மார்கழியில் பாடப்படும் திருவெம்பாவையை ஊன்றிப் படித்தால் ஒரு நுட்பம் புலப்படும். அங்கே தோழியர் கூடி, உறங்கும் தோழியின் வாசலுக்கே சென்று, பேர் சொல்லாக் குறையாக உரிமையோடு அழைத்து எழுப்புகின்றனர். உறங்குபவளோ, நாளைக்கு நானே வந்து உங்களை எழுப்புவேன் என்று முதல்நாள் வாக்குக் கொடுத்தவள். எழுப்புவோரும் எழுப்பப்படுவோரும் ஒரே நோன்புக்கு உடன்பட்டவர்கள். கேலியும் உறவும் கலந்த அழைப்பு அது. ஈழத்தில் திருவெம்பாவைக் காலத்துப் பத்து நாளும் சங்கும் சேமக்கலமும் ஒலித்துத் தெருவழியே வருவோரும் நடந்தே வருகின்றனர். ஓசை ஒரு வாசலைத் தொட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடும். மணியோசையும் அவ்வாறே, சிறிது நேரம் ஒலித்து அடங்கும். உறங்க வேண்டியவர் மறுபுறம் திரும்பி உறங்கலாம். கம்பத்திற் கட்டிய ஒலிபெருக்கிக்கோ வாசல் தெரியாது. நோன்பிருப்பவரும் நோயாளியும், கன்றுக்குட்டி போல் உறங்கும் கைக்குழந்தையும் கடலால் வந்தவரும் அதற்கு ஒன்றே.

2007ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி தொடர்பாக முக்கியமானதொரு தீர்ப்பை வழங்கியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்றும், விசேட சமய நிகழ்வுகளாயின் அயலில் வசிப்போரின் கருத்தை அறிந்தே வரையறுத்த நேரத்துக்கு அனுமதிக்கலாம் என்றும் அது கூறியது. எந்த ஒரு சமயத்துக்கும் எதிரான தீர்ப்பன்று அது; எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான கட்டுப்பாடு. அயலவரைக் கேட்க வேண்டும் என்ற பகுதி திருவெம்பாவைத் தோழியரின் உடன்பாட்டை நினைவூட்டுகின்றது.

எனினும் சட்டம் இரவை மாத்திரமே காக்க முடியும். காலை எட்டு மணிக்குக் கண்ணயரும் கடற்றொழிலாளியைச் சட்டம் அறியாது. அவரை அறிந்தவர் அயலவர். பகலில் அந்த வீட்டுப் பக்கம் ஒலிபெருக்கியைத் திருப்பாதிருப்பதும், ஓசையை ஆலய வீதிக்குள் அடக்குவதும், பிரசவ வீடு, பரீட்சைப் பிள்ளை உள்ள வீடு எதுவென்று கேட்டறிவதும் எந்தப் பொலிஸ் அனுமதிப் பத்திரத்திலும் எழுதப்படாத அறம்.

விழித்திருக்கும் விரதம்

அப்படியாயின் சிவராத்திரியில் நான்கு சாமமும் விழித்திருப்பது தவறா எனச் சிலர் கேட்கலாம். தவறன்று. ஆண்டில் ஓர் இரவு நித்திரையைத் துறப்பது ஆரோக்கியமான உடலுக்குத் தாங்கக் கூடியதே. மறுநாள் உறங்கும்போது உடல் முதலில் ஆழ்ந்த நித்திரையையே கூட்டி எடுத்து இழப்பைச் சரிசெய்கின்றது. தான் விரும்பித் தன்னுடையதை இறைவனுக்கு அர்ப்பணிப்பதே விரதம். உணவைத் துறப்பவர் தன் உணவைத் துறக்கின்றார். அயலவரின் அடுப்பை அணைப்பதில்லை. நித்திரைக்கும் அதே விதி. முதியோர், நீரிழிவு, இரத்த அழுத்த நோயுள்ளோர், சிறுபிள்ளைகள் ஆகியோர் இயன்றளவு விழித்திருந்தாற் போதும். ஒரு சாமப் பூசையை மனமொன்றிக் காண்பது, நான்கு சாமம் படம் பார்த்துக் கண்விழிப்பதினும் மேலானது.

சிவராத்திரிக்கு முன்னேஸ்வரத்துக்கும் திருக்கேதீஸ்வரத்துக்கும் வாகனம் பிடித்துச் செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், மது அருந்தியவருடையதைப் போல் தடுமாறும் என 1997ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. உடல் வெப்பம் தாழ்ந்த வைகறை வேளையில் அது மேலும் மோசமாகும். வானுக்குள் இருப்போர் சிவநாமம் சொல்லி விழித்திருந்துவிட்டுத் திரும்பும் வழியில் நிம்மதியாக உறங்குவர். அத்தனை உயிரும் அப்போது சாரதியின் கையில். அவர் இரவு உறங்குவதற்கு ஒரு பாயும் அமைதியான ஓர் இடமும் ஒழுங்குசெய்து கொடுப்பது விரதத்தின் ஓர் அங்கமாகவே கொள்ளத்தக்கது. திருவிழாக் காலத்தில் அன்னதானத்துக்கு இரவிரவாகச் சமைப்போரையும், வீதியைக் காக்கும் இளைஞரையும், தொடர்ந்து பூசை செய்யும் குருக்களையும் முறைமாற்றி உறங்கவைப்பதும் அவ்வாறே.

பள்ளியறை சொல்லும் பாடம்

உறங்காத இறைவனுக்குப் பள்ளியறை எதற்கு என்ற கேள்விக்கு இனி விடை கூறலாம். திருப்பள்ளியெழுச்சி உறங்காதவனை எழுப்புவது போற் பாடி, மலத்தில் உறங்கும் ஆன்மாவையே எழுப்புகின்றது என்பர் ஆன்றோர். அவ்வண்ணமே பள்ளியறைப் பூசையும் உறங்காதவனை உறங்கவைப்பது போற் காட்டி, மனிதருக்கு ஓய்வை விதிக்கின்றது எனக் கொள்ளலாம். ஆண்டவனின் வீட்டிலேயே விளக்கைத் தணித்து, மேளத்தை நிறுத்தி, கதவை மெல்லச் சாத்தும் ஒரு வேளை உண்டு. அவ்வேளையில் அடியார் எவரும் உரத்துப் பேசுவதில்லை, காலடியும் மெதுவாகின்றது. உறங்காதவனின் உறக்கத்துக்கே இத்துணை மரியாதை என்றால், உண்மையிலேயே களைத்து உறங்கும் அயலவருக்கு எவ்வளவு மரியாதை செய்ய வேண்டும்!

உறங்குபவருள்ளும் ஈசன் உறைகின்றான் என்பது சைவத்தின் துணிபு. அப்படியெனின் களைத்தவர் கண்ணயரும் ஒவ்வொரு குடிசையும் ஒரு பள்ளியறையே. அங்கே காவல் நிற்கும் பேறு விழித்திருப்போருக்கு வாய்த்திருக்கின்றது. எல்லா ஊர்களிலும் மணி இனிதே ஒலிக்கவும், உழைத்தோர் இனிதே உறங்கவும் அம்பாள் திருவருள் துணைபுரிவதாக.

சுபம்